காளையின் அத்தியாயம்

அக்டோபர் 6

அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. குளியலறையில் தம்பி பொன்சிங்குக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் வழுக்கி விழுந்திருக்கிறாள். நான் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு லில்லி அக்கா போன் பண்ணி, நான் ஆட்டோ பிடித்து வந்து சேர்கிற வரை அம்மா ஈரத் தரையில்தான் கிடந்தாள். பொன்சிங் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து அவள் மேல் குவளை குவளையாக வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தான். தினமும் அவள் அவனுக்குச் செய்வதை அவன் அவளுக்குச் செய்திருக்கிறான். ஆஸ்பத்திரியில் இதைச் சொன்னால் சிரிப்பார்களா திட்டுவார்களா என்று தெரியாததால் சொல்லவில்லை.

வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று டாக்டர் கேட்டார். தம்பி இருக்கிறான், முப்பத்தெட்டு வயது, ஆள் பயில்வான் மாதிரி, மனசு மூன்று வயதில் நின்றுவிட்டது, பேச்சு வராது, சத்தம் மட்டும் வரும் என்றேன். அப்பா இல்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அப்ப கொஞ்சம் யோசிச்சுத்தான் செய்யணும்" என்றார். எதை என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் 9

ஆபரேஷன் முடிந்தது. அம்மா பேசுகிறாள். முதலில் கேட்டது, "அவன் சாப்பிட்டானா?"

அவன் சாப்பிடவில்லை. சாப்பிட்டான் என்றேன்.

அக்டோபர் 13

சென்னையிலிருந்து நல்லசிவம் அழைத்தார். என் பதிப்பாளர். அம்மாவைப் பற்றி மிகவும் வருத்தப்பட்டார், உண்மையிலேயே வருத்தப்படுகிற மனுஷன்தான். பிறகு குரலை இறக்கி, "கடைசி அத்தியாயம் எந்த நிலைமையில இருக்கு?" என்றார். ஜனவரி புத்தகக் கண்காட்சிக்கு நாவல் வந்தாக வேண்டுமாம். வெளியீட்டு விழாவுக்கு மேடை, பேச்சாளர்கள் எல்லாம் ஏற்பாடாகிவிட்டதாம்.

எந்த நிலைமையிலும் இல்லை. எழுதவே தொடங்கவில்லை.

கதை கிரேக்கர்களுடையது. கிரீட் தீவின் ராணிக்குக் காளைத் தலையோடு ஒரு பிள்ளை பிறக்கிறான். வெட்கக்கேடு வெளியே தெரியக்கூடாது என்று ராஜா மினோஸ் அவனை ஒரு சுழல்வழி மாளிகையில் அடைத்துவைக்கிறான். உள்ளே போனவர் வழி தெரியாமல் சுற்றவேண்டியதுதான். வெளியூரிலிருந்து தீசியஸ் என்று ஒரு வீரன் வருகிறான். ராஜாவின் மகள் அரியாட்னே அவனிடம் மனதைப் பறிகொடுத்து ஒரு நூலுண்டையைத் தருகிறாள். அவன் நூலை விட்டுக்கொண்டே உள்ளே போய்க் காளையனைக் கொன்றுவிட்டு, அதே நூலைப் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறான். எல்லோரும் அரியாட்னேயைக் காதலி என்கிறார்கள். அவள் அந்தக் காளையனுக்கு அக்கா என்பதை யாரும் நினைப்பதில்லை. என் நாவல் அந்த அக்கா சொல்வது. பக்க எண் கிடையாது. எந்த அத்தியாயத்திலிருந்தும் எதற்கும் போகலாம், வாசகர் சுற்றித் தொலையவேண்டும். தொலைந்தவர் கடைசியில் வந்து நிற்கிற இடம், எல்லா அத்தியாயமும் முன்கூட்டியே சொல்லிவிடுகிற காளையனின் சாவு. அதைத்தான் எழுதவில்லை.

வீட்டுக்கும் நாவலுக்கும் சம்பந்தமில்லை. கிரேக்கப் பெயர் போட்டாயிற்று. யாருக்கும் தெரியாது.

அக்டோபர் 19

அம்மாவை வீட்டுக்குக் கூட்டிவந்தாயிற்று. லீவு போட்டிருக்கிறேன். பொன்சிங் என் கையால் சாப்பிட மறுக்கிறான். தட்டை வைத்துவிட்டு நகர்ந்தால் தட்டைத் தள்ளிவிடுகிறான். அம்மா கட்டிலில் இருந்தபடியே, "முதல்ல அவன் தோள்ல கை வையிட்டி, பெறவு ஊட்டு" என்று கத்துகிறாள். வைத்தேன். உதறிவிட்டான். இவ்வளவு வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம், இவன் தோளில் நான் கை வைத்ததே இல்லை போலிருக்கிறது.

அவன் இருக்கிற பின்னறைக் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள். அப்பா காலத்திலேயே பொருத்தியது. பொருத்தியது நான் இல்லை.

கேஸ் தீர்ந்துவிட்டது. மாவு புளித்துவிட்டது.

அக்டோபர் 24

சபைப் பெண்கள் வீட்டு ஜெபத்துக்கு வந்தார்கள். வழக்கம்போல அவர்கள் வருவதற்கு முன்னால் பொன்சிங்கைப் பின்னறையில் விட்டுத் தாழ் போட்டேன். அவனுக்குக் கூட்டம் ஆகாது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறோம். அம்மாவின் இடுப்புக்காக ஜெபித்தார்கள், எனக்காக ஜெபித்தார்கள், அப்புறம் "இந்த வீட்டில் உள்ள மற்ற ஆத்துமாவுக்காகவும்" என்றார்கள். பெயர் சொல்வதில்லை. அதுவும் வழக்கம்தான்.

பாட்டு ஆரம்பித்ததும் அவனும் உள்ளேயிருந்து ஆரம்பித்தான். இவர்கள் சுருதியைக் கூட்டினார்கள். அவன் அதற்கு மேல் கூட்டினான். நான் காபி போடுகிற சாக்கில் அடுக்களைக்குப் போய், மளிகைச் சாமான் சுற்றிவந்த காகிதத்தில் அவன் சத்தத்தை எழுதிக்கொண்டிருந்தேன். ஊம்வே. தெத்தே தெத்தே. ம்ஹா. பதினோராம் அத்தியாயத்தில் காளையன் பேசுகிறான், அதில் மனிதச் சொல் ஒன்றுகூட இருக்கக்கூடாது, வெறும் சத்தமாக ஆறு பக்கம் ஓடவேண்டும். அதற்காக எத்தனையோ நாள் அவன் கதவோரம் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். நேற்று வரை அதைத் திருட்டு என்று நினைத்ததில்லை. இன்று பால் பொங்கி வழிந்த பிறகுதான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று பட்டது. அப்படியும் எழுதி முடித்துவிட்டுத்தான் அடுப்பைத் துடைத்தேன்.

நவம்பர் 1

கல்லூரியில் கருத்தரங்கு. 'கிரேக்கத் தொன்மங்களும் இன்றைய சோதனைப் புனைவும்'. லில்லி அக்காவை வீட்டில் உட்காரவைத்துவிட்டு ஓடினேன்.

கட்டுரை நன்றாகவே போனது. கதையை நேராகச் சொல்ல மறுத்த எழுத்தாளர்கள் ஏன் திரும்பத் திரும்பக் கிரேக்கத்துக்கே போகிறார்கள் என்று பேசினேன். முடிவு எல்லோருக்கும் தெரிந்த கதை அது. அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லவேண்டிய பாரம் எழுத்தாளனுக்கு இல்லை, எப்படிச் சொல்வது என்பதில் இஷ்டம்போல விளையாடலாம். சுழல்வழியையே புத்தகத்தின் வடிவமாக்கலாம். புருஷனுக்காகக் காத்திருந்த மனைவி, அவள் வீட்டு வேலைக்காரிகள், அரக்கன் என்று, இதுவரை வாய் திறக்காதவர்களுக்கு வாயைக் கொடுக்கலாம். காளையனின் கிரேக்கப் பெயரான மினோட்டார் என்ற சொல்லுக்கே மினோஸின் காளை என்றுதான் பொருள், அடைத்துவைத்தவன் பெயர்தான் அடைபட்டவனுக்கும் என்று சொன்னபோது முன்வரிசையில் குறிப்பெடுத்தார்கள்.

இரண்டாம் ஆண்டு மாணவி சுகிர்தா எழுந்தாள். "வாயக் குடுத்தீங்க மேடம். ஆனா எல்லாருமே அவனக் கொன்னுட்டுத்தான முடிக்காங்க?"

முடிவை மாற்றினால் அது அந்தத் தொன்மமாகவே இருக்காது என்றேன். கைதட்டினார்கள். சுகிர்தா தட்டவில்லை. என்ன திமிர். பஸ்ஸில் வரும்போது முழுக்க அவளோடு மனதுக்குள் வாதாடிக்கொண்டே வந்தேன், ஒரு இடத்திலும் ஜெயிக்கவில்லை.

நவம்பர் 8

கடைசி அத்தியாயம் தவிர மற்றதற்கெல்லாம் மெய்ப்பு வந்துவிட்டது. ஒருவர் கையெழுத்துப் பிரதியைச் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் அச்சுத் தாளில் பார்த்துக்கொண்டு வரவேண்டும். எப்போதும் அம்மாதான் அச்சுத் தாளைப் பார்ப்பாள். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் நோட்டுத் திருத்தியவள், ஒற்று விட்டுப்போனால் விடமாட்டாள். ஆனால் பதினோராம் அத்தியாயத்தை அவளிடம் கொடுக்க மனம் வரவில்லை. மாத்திரை போட்டுத் தூங்கட்டும் என்று விட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நானே வாசித்து நானே பார்த்தேன்.

ஊம்வே. ஊம்வே தெத்தே. ம்ஹா ம்ஹா லே.

பின்னறையில் கட்டில் கிறீச்சிட்டது. நிறுத்தினேன். அங்கேயும் அமைதி. அடுத்த வரியை வாசித்தேன். உள்ளேயிருந்து பதில் வந்தது. வழக்கமான அலறல் இல்லை, தணிந்த குரல், நான் நிறுத்திய இடத்திலிருந்து. நான் ஒரு வரி, அவன் ஒரு வரி. எழுந்து போய்த் தாழைத் திறந்தேன். கதவோடு ஒட்டி நின்றிருக்கிறான். என் வாயையே பார்த்தான். அப்புறம் என் பின்னாலேயே கூடத்துக்கு வந்து தரையில் உட்கார்ந்து, நான் வாசிக்க வாசிக்கத் தட்டுச் சோற்றை முழுதும் சாப்பிட்டான், என் கையால்.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அவனிடம் யாரோ பேசிவிட்டார்கள், அவ்வளவுதான் அவனுக்கு.

நவம்பர் 9

இன்றும் வந்தான்.

நவம்பர் 12

குளிக்க வருகிறான், மாத்திரைக்கு வாய் திறக்கிறான், அடிக்கடி வருகிற வலிப்பு ஒரு தடவைகூட வரவில்லை. பதினோராம் அத்தியாயம் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. லில்லி அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏ ஹெப்சி, ஒனக்கும் கிறுக்கு புடிச்சுட்டா?" என்று கேட்டுச் சிரிக்கிறாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதிய ஒன்றுக்கு இப்படி ஒரு வாசகர் எனக்கு வாய்த்ததே இல்லை.

நவம்பர் 16

லீவு முடிகிறது. நீட்டிக்கமாட்டார்கள். பகலில் பார்த்துக்கொள்ள வந்த இரண்டு பெண்களும் அவன் உருவத்தைப் பார்த்துவிட்டுப் போனவர்கள்தான்.

இவனைப் போன்றவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற ஒரு இல்லம் திருமங்கலம் தாண்டி இருக்கிறது. போய்ப் பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது, வேப்பமரம் இருக்கிறது, நடத்துகிற அமல்ராஜ் தங்கமான மனுஷர். அங்கே இருக்கிற ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். குறை கண்டுபிடிக்க எவ்வளவோ முயன்றேன், கிடைக்கவில்லை. அவனை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று அவர் கேட்டபோது அத்தியாயத்தைப் பற்றிச் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். இரண்டு வரி வாசித்தும் காட்டினேன்.

மூன்று மாதம்தான் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா நடக்கிற வரை. அம்மாவுக்காகத்தான்.

ஜனவரியில் சென்னைக்குப் போய்வரவும் வசதியாக இருக்கும்.

நவம்பர் 26

அம்மா நாவலை வாசித்துவிட்டாள். மேஜை மேல் கிடந்த மெய்ப்பை லில்லி அக்காவை எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறாள். மெய்ப்பில் ஒற்றை மட்டும் பார்த்துக் கதையைக் கண்டுகொள்ளாதவள் மூன்று நாளாக ஒரு வரி விடாமல் வாசித்து, ஓரத்தில் பென்சிலால் ஒற்றுப்பிழை திருத்தியும் வைத்திருக்கிறாள். பதினோராம் அத்தியாயத்தில் மட்டும் பென்சில் படவில்லை.

கஞ்சி கொடுக்கும்போது கேட்டாள். "அந்த அக்காக்காரி எதுக்குட்டி நூலக் குடுக்கா?"

அவளுக்கு அந்த வீரன் மேல் ஆசை என்றேன். அந்தத் தீவை விட்டு வெளியே போகவேண்டும் என்றும் ஆசை என்றேன்.

"ஆசப்படட்டும். யாரு வேண்டாம்னா? தம்பியச் சாகக் குடுக்காம போயிருக்கலாம்லா?"

கதை அப்படித்தான் என்றேன். கஞ்சியை முழுதும் குடித்துவிட்டு டம்ளரை என் கையில் கொடுத்தாள். "எனக்குப் பெறவு நீதான் அவனப் பாக்கணும்னு நான் ஒருநாளும் ஒங்கிட்ட கேட்டதில்ல ஹெப்சி. இனியும் கேக்க மாட்டேன். எங்க அனுப்பணுமோ அனுப்பு."

கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் மாட்டேன் என்று சண்டையாவது போட்டிருப்பேன்.

டிசம்பர் 2

வேன் வந்தது. அமல்ராஜும் இரண்டு பையன்களும். முரட்டுத்தனம் எதுவும் இல்லை. தோளில் கை போட்டு, மிட்டாய் கொடுத்து, எவ்வளவோ நயமாகத்தான் அழைத்தார்கள். பொன்சிங் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். ஒரு விரலைப் பிரித்தால் இன்னொரு விரல். அலறினான். தெருவில் ஆட்கள் கூடிவிட்டார்கள். அம்மா கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள்.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு அமல்ராஜ் வெளியே வந்தார். "மேடம், நீங்க அன்னைக்கி ஒண்ணு வாசிச்சீங்களே. அதச் சொல்லிக் கூப்புட்டுப் பாருங்களேன்."

வாசித்தேன். காகிதம் வேண்டியிருக்கவில்லை. வாசலில் நின்று ஊம்வே என்றதும் அலறல் நின்றது. கம்பியை விட்டான். அறையிலிருந்து கூடத்துக்கு வந்தான், கூடத்திலிருந்து வாசலுக்கு. நான் வேன் பக்கமாகப் பின்னால் நடந்துகொண்டே வாசித்தேன். என் வாயையே பார்த்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, பதில் சொல்லிக்கொண்டு வந்தான். வேனில் ஏறி அவனுக்கு இடம் விட்டு உட்கார்ந்தேன். அவனும் ஏறினான். நான் அந்தப் பக்கக் கதவு வழியாக இறங்கி, கதவு மூடுகிற வரை, மூடிய பிறகும், ஜன்னலோரம் நின்று வாசித்துக்கொண்டே இருந்தேன். நிறுத்தினால் அவனுக்குத் தெரிந்துவிடும்.

"ரொம்ப உதவியா இருந்துச்சு மேடம். இத போன்ல பதிவு பண்ணி அனுப்பிருங்க" என்றார் அமல்ராஜ்.

டிசம்பர் 3

பதிவு பண்ணி அனுப்பினேன்.

டிசம்பர் 5

கல்லூரி. விடைத்தாள். பின்னறையைப் பெருக்கினேன். அம்மா என்னிடம் தேவைக்கு மட்டும் பேசுகிறாள். மாத்திரை, வெந்நீர், ஜன்னலைச் சாத்து.

டிசம்பர் 11

அமல்ராஜ் அழைத்தார். நல்ல செய்திதான் சொன்னார். மூன்று வேளையும் என் பதிவைப் போட்டுக் காட்டுகிறார்களாம், பொன்சிங் அமைதியாக உட்கார்ந்து சாப்பிடுகிறானாம். "ஒண்ணே ஒண்ணு மேடம். முடிஞ்சதும் போனத் திருப்பித் திருப்பிப் பாக்கான். பின்னாடி யாரும் இருக்காங்களான்னு தேடுத மாதிரி. போகப்போகச் சரியாயிரும்."

அம்மாவிடம் முதல் பாதியை மட்டும் சொன்னேன்.

டிசம்பர் 16

கடைசி அத்தியாயத்தை எழுதி முடித்து நல்லசிவத்துக்கு அனுப்பிவிட்டேன். ஒரே மூச்சில் வந்தது. அரியாட்னே வாசலில் நின்று நூலைப் பிடித்திருக்கிறாள். உள்ளே காளையன் நூல் அசைவதைப் பார்த்து, அக்காதான் வருகிறாள் என்று எழுந்து எதிரே நடக்கிறான். நல்லசிவம் போனில் அழுதுவிட்டார். தமிழில் இப்படி ஒரு முடிவை வாசித்ததில்லை என்றார்.

நன்றாகத்தான் வந்திருக்கிறது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

டிசம்பர் 18

ஜுரம் இல்லை, ஒன்றும் இல்லை. வகுப்பில் பாதிப் பாடத்தில் என்ன சொல்லவந்தேன் என்று மறந்துபோய் நிற்கிறேன். இல்லத்துப் போன் என்றால் எடுக்கப் பயம், இல்லத்துப் போன் இல்லையென்றால் ஏன் அழைக்கவில்லை என்று பயம். சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். கிறிஸ்துமஸுக்குப் புதுச் சட்டை எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். அளவு கேட்டேன். அவன் அளவு தெரியாதா என்பதுபோல என்னைப் பார்த்தாள், பிறகு சொன்னாள்.

டிசம்பர் 20

பஸ்ஸில் எழுதுகிறேன். கையெழுத்து இப்படித்தான் இருக்கும்.

காலையில் போய்ச் சேர்ந்தேன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். முடி வெட்டியிருந்தார்கள், மெலிந்திருந்தான். என்னைப் பார்த்தும் எழுந்துகொள்ளவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, தெரிந்த ஒரே வழியாக, அத்தியாயத்தை ஆரம்பித்தேன். ஊம்வே என்பதற்குள் அவன் கை வந்து என் வாயைப் பொத்தியது. அடிக்கவில்லை, கோபம் இல்லை. அந்தப் பெரிய உள்ளங்கையால் என் வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினான். வேண்டாம்.

நான் அழுதேன். அவன் கைக்குள்ளேயே அழுதேன். அந்தச் சத்தம் எதற்கு என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அதை வைத்து நான் என்ன செய்தேன் என்று தெரிந்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து என் மணிக்கட்டைப் பிடித்தான். நடந்தான். சாப்பாட்டுக் கூடத்தைச் சுற்றி, சமையல்கட்டுப் பக்கமாக, துணி காயப்போட்டிருந்த சந்து வழியாக, ஒரு இடத்திலும் நிற்காமல், திரும்பிப் பார்க்காமல் நடந்தான். எனக்கு வழி தெரியவில்லை, அவனுக்குத் தெரிந்திருந்தது. என் நாவலில் அவன் ஒரு தடவைகூட வாசலைக் கண்டுபிடிப்பதில்லை. அவனால் முடியாது என்றுதான் எல்லா அத்தியாயத்திலும் எழுதியிருக்கிறேன். நேரே கேட்டுக்கு வந்து நின்றான். கேட்டைத் தொடவில்லை. என்னைப் பார்த்தான்.

காவல்காரர் நாற்காலியை விட்டு எழுந்து, "தினமும் சாயங்காலம் இங்க வந்துதாம்மா நிப்பாரு. என்ன செய்ய?" என்றார்.

"தொறங்கண்ணே."

அமல்ராஜ் ஓடிவந்தார். யோசித்துச் செய்யுங்கள், மறுபடி பழக்குவது கஷ்டம் என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. கையெழுத்து கேட்ட இடத்திலெல்லாம் போட்டுக் கொடுத்தேன்.

பஸ் ஏறியதும் அம்மாவுக்குப் போன் பண்ணினேன். அவனும் வருகிறான் என்றேன். "லில்லிகிட்ட இன்னும் ரெண்டு ஆழாக்கு அரிசி சேத்துப் போடச் சொல்லுதேன்" என்று வைத்துவிட்டாள்.

கோவில்பட்டி தாண்டிவிட்டோம். நல்லசிவம் இரண்டு முறை அழைத்துவிட்டார், எடுக்கவில்லை. கடைசி அத்தியாயத்தை அச்சடிக்காதீர்கள் என்று சொல்லவேண்டும். அப்படியானால் எப்படி முடிகிறது என்று கேட்பார். தெரியாது. திங்கட்கிழமை கல்லூரிக்கு எப்படிப் போவேன் என்றும் தெரியாது. பகலில் யார் பார்த்துக்கொள்வார்கள், அம்மா எப்போது நடப்பாள், ஒன்றும் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. நோட்டு மடியில் வழுக்கிக்கொண்டே இருக்கிறது, பிடித்துக்கொள்ள வழியில்லை. ஒரு கையால்தான் எழுதுகிறேன். இன்னொரு கையை அவன் இன்னும் விடவில்லை.